"பொறுத்துக்கோம்மா"ன்னு இனிமே சொல்லாதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். எழுத உக்காந்தாலே கோபம் வரும், பாதியில மூடி வச்சுடுவேன். போன வாரம் எங்க குடியிருப்புல இன்னொரு தமிழ் வீட்டுல, அப்பாவை ஊர்லேருந்து கூட்டிட்டு வந்து முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு தேதி வாங்கியிருக்கோம்னு சொன்னாங்க. "வலியெல்லாம் ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா சரியாயிடும்லண்ணே?"ன்னு அந்தப் பையன் கேட்டான். அன்னைக்கு ராத்திரியே எழுத ஆரம்பிச்சுட்டேன்.

சரியாகாது தம்பி. பல்லைக் கடிச்சதுக்கு எங்கம்மா குடுத்த விலை, இடது பாதத்தோட பலம்.

2023 ஆகஸ்ட். நான் பொட்டி தட்டுறது புனேல, ஹிஞ்சவடி பக்கம். அம்மா கோவில்பட்டிலேருந்து வந்தாங்க. வயசு 64. பத்து நிமிஷம் நடந்தா ரெண்டு காலும் கனத்துப் போயி எங்கயாவது குத்த வச்சு உக்காந்துருவாங்க. இடுப்புல எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவுல நரம்பு போற பாதை சுருங்கியிருக்கு, அழுத்தத்தை எடுத்துட்டு ஸ்க்ரூ போடணும்னு சொன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். அந்த டாக்டர் மேல எனக்கு கோபம் இல்ல, ஆபரேஷனை நல்லாத்தான் பண்ணினார். நான் சண்டை போடுறது அதுக்கப்புறம் நடந்ததோட. அதுல எனக்கும் பங்கு இருக்கு.

ரெண்டாம் நாள் சாயங்காலம், காயத்துலேருந்து ரத்தம் வடியறதுக்கு வச்சிருந்த குழாயை எடுத்துட்டாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வலி கூடுச்சு. ஒரு ஊசி போட்டாங்க, கேக்கல. ஒரு மணிக்கு நான் போயி சிஸ்டரை கூப்பிட்டேன். "ஆபரேஷன் கே பாத் ஸப் கோ ஹோதா ஹை" – எல்லாருக்கும் வர்றதுதானாம். அடுத்த ஊசி அஞ்சு மணிக்குத்தான்னு சொல்லிட்டு போயிட்டாங்க. வந்து கட்டைப் பாத்தாங்க. காய்ஞ்சு சுத்தமா இருந்துச்சு, ஒரு சொட்டு ரத்தம் இல்ல.

அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "காலு என்னமோ மதமதன்னு இருக்குய்யா"ன்னாங்க. எனக்கு தூக்கம். நான் சொன்னேன்: "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, விடிஞ்சதும் டாக்டர் வந்துருவாரு."

"சரிய்யா. நீ ஒறங்கு. காலைல ஆபீசு போவணும்லா?"

அதுக்கப்புறம் அவங்க ஒரு சத்தம் போடல. நானும் தூங்கிட்டேன்.

காலைல ஷிப்ட் மாறி ஒரு மலையாளி சிஸ்டர் வந்தாங்க. அம்மா அவங்ககிட்ட, "காலு மரத்துப் போச்சும்மா"ன்னு சொன்னாங்க. மலையாளத்துல மரவிப்புன்னா அதேதான். அந்த ஒரு சொல்லு அந்தம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு. உடனே போர்வையை விலக்கி கட்டை விரலை மேல தூக்கச் சொன்னாங்க. வலது கால் விரல் வந்துச்சு, இடது வரல. அடுத்த பத்து நிமிஷத்துல டாக்டர், அப்புறம் எம்.ஆர்.ஐ., பதினோரு மணிக்கு மறுபடி தியேட்டர். உள்ள ரத்தம் கட்டியாகி நரம்பை அழுத்திட்டு இருந்திருக்கு. எடுத்தாங்க. ஆனா ராத்திரி ஒரு மணிலேருந்து காலை பதினோரு மணி வரைக்கும் அந்த நரம்பு நசுங்கிக் கிடந்த நேரத்தை யார் திருப்பிக் குடுப்பா?



வலியும் ரத்தப்போக்கும் ரெண்டு தனித்தனி சமாச்சாரம்னுதான் நம்ம எல்லாருக்கும் நினைப்பு. வலிக்கு மாத்திரை, ரத்தத்துக்கு கட்டு. கட்டு நனையலன்னா ரத்தம் வரலைன்னு அர்த்தம். முதுகுத்தண்டு ஆபரேஷன்ல இந்தக் கணக்கு தப்பு. நரம்பு போற பாதை எலும்பால சுத்தி அடைச்ச குழாய் மாதிரி, பலூன் மாதிரி விரிஞ்சு குடுக்காது. உள்ள கசியுற ரத்தம் வெளிய வர வழியில்லாம தேங்கினா நரம்பைத்தான் அழுத்தும். கட்டு காய்ஞ்சே இருக்கும். வடிகுழாய் அடைச்சுக்கிட்டாலும் சரி, எடுத்துட்டாலும் சரி, பையில ஒண்ணும் தெரியாது. அப்போ வெளிய தெரியுற முதல் சேதி என்ன? திடீர்னு கூடுற வலி, மருந்துக்கு அடங்காத வலி. அப்புறம் மரத்துப் போறது, காலோ பாதமோ பலமிழக்கிறது, உக்காருற இடம் உணர்ச்சியில்லாம போறது, மூத்திரம் நின்னு போறது. எங்கம்மாவுக்கு மூத்திரக் குழாய் போட்டிருந்ததால அந்தக் கடைசி அறிகுறி தெரியவே வாய்ப்பில்ல.

இப்படி ஆகுறது அபூர்வம். நூத்துல ஒருத்தருக்கும் குறைவு. வந்தா பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள வரும், வந்தா மணிக்கணக்குதான், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாங்களோ அவ்வளவு நரம்பு பிழைக்கும். அதனால பயந்துக்கிட்டு ஆபரேஷனே வேண்டாம்னு சொல்லல. அந்த நேரத்துல நோயாளியோட வாய்தான் அலாரம்னு சொல்றேன். நாம என்ன பண்றோம்? "பொறுத்துக்கோ"ன்னு சொல்லி அந்த வாயைப் பொத்துறோம்.



ஆஸ்பத்திரி மட்டும் என்ன ஒழுங்கு? டிஸ்சார்ஜுக்கு அப்புறம் கேஸ் ஷீட்டு நகல் காசு கட்டி வாங்கிப் பாத்தேன். வலி மருந்து வரிக்குப் பக்கத்துல எஸ்.ஓ.எஸ். அப்படின்னு எழுதியிருந்துச்சு. அதாவது, தேவைப்பட்டா மட்டும் குடுக்கணும். தேவைன்னு யாரு சொல்லணும்? நோயாளி. எந்த மொழியில? இந்தியில, இல்ல மராட்டியில. எங்கம்மாவுக்கு ரெண்டும் தெரியாது. "வலிச்சா சொல்லுங்க"ங்கிற மருந்து, சொல்லத் தெரியாதவங்களுக்கு இல்லாத மருந்து. இது எவ்வளவு பெரிய அநியாயம்னு அங்க யாருக்கும் தோணவே இல்ல.

அடுத்த பக்கம் இன்னும் கொடுமை. வலி அளவு, பத்துக்கு எத்தனைன்னு ஒரு கட்டம். ராத்திரி 2 மணி: 3. அந்த நேரத்துல எங்கம்மா கம்பியைப் பிடிச்சுட்டு விறைச்சுக் கிடந்தாங்க. யார் கேட்டா? எப்படிக் கேட்டா? யாரும் கேக்கல, கட்டம் காலியா இருக்கக்கூடாதுன்னு ஒரு எண்ணு, அவ்வளவுதான்.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. வலின்னா என்னங்கிறதுக்கு 1979ல ஒரு விளக்கம் குடுத்தாங்க, 2020ல அதைத் திருத்தினாங்க. கூடவே ரெண்டு விஷயம் சேர்த்தாங்க. ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும். வாயால சொல்ல முடியலங்கிறதால வலி இல்லன்னு ஆயிடாது. உலகத்து நிபுணர்கள் எழுதி வச்சது, ஷிப்டுல கட்டம் நிரப்புறவங்க கைக்கு இன்னும் வந்து சேரல.

நர்ஸ்களுக்கு வேலைப்பளு ஜாஸ்தி, ஒருத்தரே பத்துப் பதினஞ்சு பேரைப் பாக்குறாங்க, சம்பளமும் கம்மி. எல்லாம் ஒத்துக்கறேன். அது ஆள் போடாத நிர்வாகத்தோட குத்தம். ஆனா வெளியூர்க்காரங்க நிறைஞ்ச ஊருல, லட்சக்கணக்குல பில்லு போடுற இடத்துல, பத்து மொழியில பத்து வாக்கியம் அச்சடிச்ச ஒரு அட்டை வைக்க என்ன செலவாகும்? காபி மெஷின் வைக்கத் தெரியுதுல்ல?



"வலி மருந்து நிறைய குடுத்தா அடிமையாயிடுவாங்க"ன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. அமெரிக்காவுல 1996ல ஆக்ஸிகான்டின் வந்ததுக்கப்புறம் நடந்ததைச் சொல்லுவாங்க. உண்மைதான், அங்க மாசக்கணக்குல, வருஷக்கணக்குல எழுதித் தள்ளினாங்க, மக்கள் செத்தாங்க. ஆனா அதைக் காட்டி, ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டு ராத்திரிக்கு டாக்டர் கண்காணிப்புல குடுக்க வேண்டியதை மறுக்கிறது, வெள்ளம் வந்த ஊரைக் காட்டி தாகத்துக்குத் தண்ணி குடுக்காத கதை. நம்ம நாட்டுக் கதை நேர் எதிர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அரசாங்க உரிமத்தோட அபினிச் செடி வளக்கறோம், ஏற்றுமதியும் பண்றோம். ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து நம்ம ஆஸ்பத்திரிகள் மார்பின் வாங்கி வைக்கவே தயங்கினாங்க. கேரளாவுல டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் மாதிரி சிலர் வருஷக்கணக்கா போராடித்தான் 2014ல சட்டத்தைத் திருத்தி உரிமம் வாங்குறதை எளிதாக்கினாங்க. சட்டம் மாறிடுச்சு, மனசு மாறல.

அதுவும் போக, எல்லாத்துக்கும் மார்பின்தான்னு யாரும் சொல்லல. இப்போ நல்ல இடங்கள்ல பண்றது கலப்பு முறை. நேரம் தவறாம பாராசிட்டமால், ஒத்துக்கறவங்களுக்கு வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை, வெட்டின இடத்துலயே மரப்பு ஊசி, அதுக்கு மேல வலிச்சாத்தான் அபினி வகை மருந்து. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம். வலி கட்டுக்குள்ள இருந்தாத்தான் இருமி சளியைத் துப்புவாங்க, எழுந்து நடப்பாங்க. பொறுத்துக்கிட்டு அசையாமக் கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும். பொறுமைக்குப் பரிசு நிமோனியா!

இன்னொரு வாதம்: "மருந்து குடுத்து வலியை அமுக்கிட்டா ஆபத்து எப்படித் தெரியும்?" தப்பு. வீட்டுல நாள் பூரா டிவி அலறிட்டு இருந்தா திருடன் வர்ற சத்தம் எப்படிக் கேக்கும்? சத்தத்தைக் குறைச்சு வச்சாத்தானே கேக்கும். ஒழுங்கா மருந்து குடுத்துட்டு வர்ற ஆளுக்கு, அதையும் மீறி வலி ஏறினா, அதுவே எச்சரிக்கை. அப்போ அடுத்த ஊசி எப்பன்னு பாக்கக்கூடாது, காலைத் தூக்கச் சொல்லிப் பாக்கணும்.



இப்போ நம்ம பக்கம் வருவோம். என் பக்கம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது சாப்பிடுறாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு நான்தான் பட்டுன்னு சொன்னேன். பி.பி., சுகர் ரெண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மா பையில ஒரு பழுப்புக் கவர், அதுல உதிரியா மாத்திரை. ஊர்ல மெடிக்கல்ல கேட்டு வாங்குறது. "சின்ன மாத்திரை நெஞ்சுக்கு, பெருசு முட்டி வலிக்கு." அந்தச் சின்னது ஆஸ்பிரின் 75. பெருசு டைக்ளோபினாக். ரெண்டுமே ரத்தம் உறையறதைப் பாதிக்கும். அதனாலதான் ரத்தம் கட்டுச்சான்னு டாக்டர் உறுதியாச் சொல்லல, அது இல்லாமலும் வரலாம்னார். ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போயி, அதிரசமும் முறுக்கும் மூட்டை கட்டிட்டு வரத் தெரிஞ்ச எனக்கு, அந்தக் கவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியல.

அப்புறம் இந்தப் பொறுமைப் பெருமை. "பிரசவ வலியையே பொறுத்தவ, இது என்ன"ன்னு நம்ம வீட்டுப் பொம்பளைங்களைச் சொல்லிச் சொல்லியே ஊமையாக்கிட்டோம். அதுலயும் ஊரு விட்டு ஊரு வந்த அம்மா, தன்னால பையனுக்கு லீவு போகுதேன்னு குற்ற உணர்ச்சியில இருக்கிறவ. அவ எப்படி வாயைத் திறப்பா? நாமதான் தோண்டித் தோண்டிக் கேக்கணும்.

புலம்பினது போதும். அந்தப் பையனுக்கு எழுதிக் குடுத்ததை இங்கயும் போடுறேன்.

1. ஆபரேஷன் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எல்லா மாத்திரையையும் கவரோட கொண்டு போயி காட்டுங்க. சித்த மருந்து, மீன் எண்ணெய், பக்கத்து வீட்டு மாமா குடுத்த லேகியம் எல்லாமே. எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்களுக்கு திடீர்னு நிறுத்துறதே உயிருக்கு ஆபத்து. எதை நிறுத்தணும், எத்தனை நாள் முன்னாடின்னு டாக்டர்தான் சொல்லணும்.

2. ரத்த இழப்பைக் குறைக்க என்ன செய்வீங்கன்னு கேளுங்க. டிரானெக்ஸாமிக் அமிலம்னு விலை குறைஞ்ச ஒரு மருந்து. 1962ல ஜப்பான்ல ஊட்டகோ ஒகமோட்டோவும் அவங்க கணவரும் கண்டுபிடிச்சதா அறிவிச்சது. முதுகுத்தண்டு ஆபரேஷன்ல இது ரத்த இழப்பைக் குறைக்குது. எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனா கேக்குறதுல தப்பில்ல. ரத்தம் குடுக்க ஆள் கேட்டா நமக்கு அங்க சொந்தக்காரங்க இல்ல, அதனால நாலு நண்பர்கள்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

3. வலி மருந்து நேரத்துக்குக் குடுப்பீங்களா, கேட்டாத்தான் குடுப்பீங்களான்னு முதல் நாளே கேளுங்க. "கேட்டாத்தான்"னா, நோயாளிக்கு மொழி தெரியாது, நேரத்துக்குக் குடுங்கன்னு டாக்டர்கிட்டயே சொல்லி எழுத வைங்க.

4. பத்துக்கு எத்தனைன்னு கேட்டா நம்ம பெரியவங்க முழிப்பாங்க. "ஒரு ரூபா வலின்னா தாங்கவே முடியாதது. இப்போ எத்தனை பைசா?"ன்னு கேளுங்க. எங்கம்மா பிசியோதெரபில பட்டுன்னு சொல்லுவாங்க, "முக்கா ரூபா"ன்னு.

5. இந்த வாக்கியங்களை இந்தியில எழுதி கட்டில் தலைமாட்டுல ஒட்டுங்க. மரத்துப் போச்சு: ஸுன் ஹோ கயா. ஊர்ற மாதிரி இருக்கு: ஜுன்ஜுனி ஹோ ரஹீ ஹை. எரியுது: ஜலன் ஹோ ரஹீ ஹை. கால் தூக்க வரல: பைர் நஹீ உட் ரஹா. மூத்திரம் வரல: பேஷாப் நஹீ ஆ ரஹா. வலி கூடிட்டே போகுது: தர்த் பட்தா ஜா ரஹா ஹை. வெறும் "தர்த்"னு மட்டும் சொன்னா என்ன பதில் வரும்னு நான் மேலயே சொல்லிட்டேன்.

6. முதல் ரெண்டு ராத்திரி, அம்மா முழிச்சிருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க. முன்னாடி வந்தது இப்போ வரலன்னா விடியக் காத்திருக்காதீங்க. டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்க. வரலன்னா சத்தம் போடுங்க. நாகரிகம் அப்புறம் பாத்துக்கலாம்.

7. கட்டுல தண்ணி மாதிரி தெளிவா நனைஞ்சாலும், உக்காந்தா மண்டையிடி வந்து படுத்தா குறைஞ்சாலும் உடனே சொல்லுங்க. அது தண்டுவட நீர் கசிவா இருக்கலாம்.

8. வீட்டுக்கு வந்ததும் மாத்திரைக் கணக்கு வைங்க. பாராசிட்டமால் பெரியவங்களுக்கு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், எடை குறைஞ்சவங்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவங்களுக்கும் அதைவிடக் கம்மி. 650 மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். ட்ரமடால் கலந்த மாத்திரையிலயும் பெரும்பாலும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அட்டையைப் படிங்க. அபினி வகை மருந்து மலச்சிக்கல் பண்ணும், அதுக்கும் சேத்து மருந்து கேளுங்க. முக்கினா முதுகுதான் கத்தும்.



அம்மா இப்போ ஊர்ல இருக்காங்க. நடக்குறாங்க, கடைக்குப் போறாங்க, முன்ன மாதிரி வழியில உக்காருறதில்ல. இடது பாதம் மட்டும் முழுசா மேல வராது. சாதாரண செருப்பு போட்டா கழண்டு விழுந்துடும், அதனால பின்னாடி பட்டை வச்ச செருப்பு வாங்கிக் குடுத்திருக்கேன். அந்த ராத்திரியைப் பத்தி ஒரு தடவை கூட என்னைக் குத்தம் சொன்னதில்ல. "நீ என்னய்யா பண்ணுவ, அசதி உனக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. அங்கயும் அவங்கதான் பொறுத்துக்கறாங்க.

நீங்க உங்க அம்மாவை அப்படிப் பொறுக்க விடாதீங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. எந்த மாத்திரையையும் இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஊருக்குப் போன் போட்டு, அந்தப் பழுப்புக் கவர்ல என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா வாசிக்கச் சொல்லி எழுதி வச்சுக்கோங்க.